தொண்ணூறு வயதைத் தாண்டிய நம் விமானப்படை

(சண்டிகரில் நம் அன்பர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் 2025 டிசம்பரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டம் முடிந்ததும் நம் செயலாளர் என்னை ஓரமாக அழைத்துப் போய், "விமானப்படையைப் பற்றி ஒரு அரைமணி நேரம் பேசுங்கோ" என்றார். "90-ஆம் ஆண்டு விழா 2022-லேயே முடிந்துவிட்டதே, இப்போது என்ன?" என்று கேட்டேன். "நூற்றாண்டு விழா 2032-ல் வருகிறது. அதற்கு உங்களைக் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன்..." என்று இழுத்தார். எழுபத்தைந்து வயதுக்காரனிடம் இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது. புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டேன்.

நான் விமானப்படையில் இருந்தவன் அல்லன். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு மத்திய அரசில் முப்பத்தெட்டு வருஷம் ஃபைல் பார்த்தவன். ஆனால் சண்டிகரில் வீடு கட்டிக்கொண்டவன் விமானப்படையிலிருந்து தப்ப முடியாது. காலையில் காப்பி குடிக்கும்போது தலைக்கு மேல் லே நோக்கிச் சரக்கு விமானம் போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டு மணி சொல்லும் மாமிகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

2022 அக்டோபர் 8-ஆம் தேதி சுக்னா ஏரிக்கரையில் நடந்த வான் சாகசத்தை இங்கே பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். அதுவரை டில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடந்துவந்த விழா, முதன்முறையாக வெளியே வந்தது நம் ஊருக்குத்தான். அதன்பின் 2023-ல் பிரயாக்ராஜ், 2024-ல் சென்னை மெரினா. மெரினாவில் அந்த அக்டோபர் வெயிலில் ஐந்து பேர் உயிரிழந்தது நம் சென்னை உறுப்பினர்களுக்கு மறந்திருக்காது. ஆகாயத்தில் நொடிக்கணக்கில் திட்டமிடத் தெரிந்த தேசத்துக்குத் தரையில் குடிதண்ணீரும் வெளியே போக வழியும் ஏற்பாடு செய்ய இன்னும் வரவில்லை. அது தனிக் கதை.

விஷயத்துக்கு வருகிறேன். 1932 அக்டோபர் 8-ஆம் தேதி விமானப்படை சட்டப்படி ஏற்பட்டது. ஆனால் அன்றைக்கு விமானம் எதுவும் கிடையாது. விமானம் வந்தது அடுத்த வருஷம் 1933 ஏப்ரல் 1-ஆம் தேதி, கராச்சியில் டிரிக் ரோடு என்ற இடத்தில். நான்கே நான்கு 'வாப்பிட்டி' விமானங்கள். இரண்டு அடுக்கு இறக்கை வைத்தவை. முதல் உலகப்போர்க் காலத்து விமானம் ஒன்றின் உதிரிபாகங்களைக்கூட வீணாக்காமல் உபயோகித்துச் செய்தவை. ஆறு அதிகாரிகள், பத்தொன்பது 'ஹவாய் சிப்பாய்கள்'. அவ்வளவுதான் இந்திய விமானப்படை.

அந்த ஆறு பேரும் இங்கிலாந்தில் க்ரான்வெல் கல்லூரிக்குப் போய்ப் பயின்றவர்கள். ஐந்து பேர் விமானிகள் ஆனார்கள். அவர்களில் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி 1954-ல் விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். ஆறாவது ஆசாமி டாண்டன். அவருக்கு உயரம் போதவில்லை, விமானியாக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பவில்லை. தளவாடங்களையும் உதிரிபாகங்களையும் கவனிக்கும் அதிகாரியாக அதே படையில் சேர்ந்தார். எனக்கு இந்த டாண்டன் மேல் ஒரு தனி மரியாதை. பறந்தவர்களுக்குச் சிலை இருக்கிறது, தெருப்பெயர் இருக்கிறது. ஸ்டோர்ஸில் உட்கார்ந்து ஸ்பார்க் பிளக் எண்ணியவருக்கு என்ன இருக்கிறது? அந்த பிளக் சமயத்துக்கு வராவிட்டால் சிலைக்காரர் பறந்திருக்க முடியாது.

பர்மா யுத்தம், 'ராயல்' என்ற பட்டம் 1945-ல் வந்ததும் 1950-ல் போனதும் புத்தகங்களில் இருக்கின்றன, தாண்டிப் போகிறேன். 1962-ல் சீன யுத்தத்தின்போது சண்டை விமானங்களை உபயோகிக்காமல் விட்டது சரியா என்று கேட்டால் நம் கூட்டம் ராத்திரி பத்து மணி வரை முடியாது. அதற்குள்ளும் போகவில்லை.

ஒரு தினத்தை மட்டும் விடமாட்டேன். 1948 மே 24. லடாக்கில் லே நகரம் விழுந்துவிடும் நிலைமை. சாலை வழியாகப் படை போய்ச் சேர நாளாகும். சிந்து நதிக்கரையில் சோனம் நோர்பு என்ற லடாக்கிய இஞ்சினீயர் உள்ளூர் ஜனங்களை வைத்துக்கொண்டு மணலைச் சமன்செய்து ஓர் ஓடுபாதை மாதிரி ஏதோ ஒன்றைத் தயார் செய்தார். ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டக்கோட்டா விமானத்தை அதில் கொண்டுபோய் இறக்கினார். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் ஜெனரல் திம்மய்யா. இறக்கச் சொன்ன அதிகாரியே கூடவே உட்கார்ந்து வருவது அந்தக் காலத்து வழக்கம் போலிருக்கிறது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று சிறுவர்கள் கேட்கலாம். பௌதிகம் படித்த கிழவன் ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்கிறேன். லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவு. விமானத்தைத் தூக்குவது காற்றுதான். காற்று மெலிந்தால் அதே எடையைத் தூக்க வேகம் கூட வேண்டும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 18 சதவிகிதம். ஆக, தரையைத் தொடும் வேகம் அதிகம், நிற்க வேண்டிய தூரம் அதிகம். ஆனால் மெலிந்த காற்றில் எஞ்சினுக்கு வலு குறைவு, மணலில் ஓடுபாதையின் நீளமும் குறைவு. டக்கோட்டாவின் உள்ளே காற்றழுத்தத்தைச் சரிக்கட்டும் வசதி கிடையாது. வழிகாட்டும் கருவி எதுவும் தரையில் இல்லை. இமயமலையைத் தாண்டி, கண்ணால் பார்த்துக்கொண்டே போய் இறக்கியிருக்கிறார். அன்றைக்கு அவர் திறந்த பாதையைத்தான் இன்றும் நம் தலைக்கு மேல் போகும் விமானங்கள் மிதிக்கின்றன.

அந்தப் பாதை கேட்ட விலையும் உண்டு. 1968 பிப்ரவரி 7-ஆம் தேதி நம் சண்டிகரிலிருந்து 102 பேருடன் ஓர் ஏ.என்.-12 விமானம் லேவுக்குக் கிளம்பியது. வானிலை மோசமாக இருந்ததால் விமானி திரும்ப முடிவெடுத்தார். ரோஹ்தாங் பக்கம் வந்ததோடு பேச்சு நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருஷம் அந்த விமானம் என்னவாயிற்று என்றே தெரியாது. 2003-ல் மலையேறப் போனவர்கள் லாஹௌல் பனிப்பாறையில் சிதைவுகளைப் பார்த்தார்கள். 2024 செப்டம்பர் கடைசியில் இன்னும் நான்கு பேருடைய உடல்கள் கிடைத்தன. அவர்களில் கேரளத்தைச் சேர்ந்த ஒரு இளைஞர். போகும்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. ஐம்பத்தாறு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தார். அவரைப் பெற்றவர்கள் இருவரும் அதற்குள் காலமாகிவிட்டார்கள். நாம் திதி கொடுக்கிறோம், தேதி தெரியும். இவர்கள் எந்த நாளில் கொடுத்திருப்பார்கள் என்று அந்தச் செய்தியைப் படித்தன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி மிக்-21. சண்டிகரில் இதைப் பேசாமல் விமானப்படையைப் பேச முடியாது. 1963-ல் அது முதலில் வந்து சேர்ந்தது இங்கேதான், 28-ஆம் ஸ்குவாட்ரன். அதன் முதல் தலைவர் தில்பாக் சிங் பின்னாளில் விமானப்படைக்கே தலைமைத் தளபதியானார். 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி அது கடைசியாகப் பறந்து இறங்கியதும் இங்கேதான். அறுபத்திரண்டு வருஷம். அரசாங்கத்தில் என்னை அறுபதில் அனுப்பிவிட்டார்கள். மிக்-குக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன்!

அது என்னென்ன செய்தது என்று சொன்னால் இளைஞர்கள் நம்பமாட்டார்கள். 1971 டிசம்பர் 14. டாக்காவில் கவர்னர் மாளிகையில் முக்கியமான கூட்டம் நடக்கப்போகிறது என்று தகவல். கௌஹாத்தியிலிருந்து மிக்-21 விமானங்கள் கிளம்ப வேண்டும். முதலில் குறி சொன்ன கட்டடம் வேறு. கிளம்பும் தருவாயில் அது மாறியது. புது இடத்துக்கு ராணுவ வரைபடம் கையில் இல்லை. டூரிஸ்ட்டுகளுக்கு விற்கும் ஊர் வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு விங் கமாண்டர் பிஷ்ணோய் தன் விமானங்களை இட்டுச்சென்று, அந்த ஒரு கட்டடத்தைத் தேடிப்பிடித்து ராக்கெட் வீசினார். கவர்னர் மாலிக் உடனேயே ராஜினாமா எழுதினார். இரண்டு நாளில் யுத்தம் முடிந்தது.

அதே தினம், அதே டிசம்பர் 14, ஸ்ரீநகரில் ஆறு சேபர் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருக்கையில், குண்டு விழும் ஓடுபாதையிலிருந்தே தன் சின்னஞ்சிறு 'நாட்' விமானத்தைக் கிளப்பிச் சண்டையிட்டு மாண்டார் நிர்மல் ஜித் சிங் சேகோன். விமானப்படை இதுவரை பெற்ற ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. லூதியானா பக்கத்து இசேவால் கிராமத்துப் பிள்ளை. இங்கிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

அப்போது நான் டில்லியில் முதல் உத்தியோகத்தில் இருந்தேன். ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, கார் விளக்குகளில் பாதிக்குக் கறுப்பு பூசி வைத்திருந்த நாட்கள். மறுபடி அந்த இருட்டைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. 2025 மே மாதம் இதே சண்டிகரில் சைரன் கேட்டு விளக்கை அணைத்துவிட்டு நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். அவள் ஸ்வாமி விளக்கை மட்டும் அணைக்க மாட்டேன் என்றாள். அதன் முன்னால் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து மறைத்தேன்.

சரி, மிக்-21. பெருமையைச் சொன்ன வாயால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். 2012 மே மாதம் ராஜ்ய சபாவில் அரசு கொடுத்த பதில் இது: வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்தில் போயின. அது மிக்-21 மட்டுமில்லை, மற்ற மிக் வகைகளும் சேர்ந்த கணக்கு. 1971-72 முதல் 2012 ஏப்ரல் வரை. இறந்த விமானிகள் 171 பேர். தரையில் நின்ற பொதுமக்கள் 39 பேர். யுத்தத்தில் அல்ல; பயிற்சியிலும் வழக்கமான பறத்தலிலும்.

"பறக்கும் சவப்பெட்டி" என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அத்தனை விமானங்கள், அத்தனை வருஷங்கள், அத்தனை மணி நேரம் பறந்தால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். பறவை மோதியதும் உண்டு, எஞ்சின் நின்றதும் உண்டு, விமானியின் தவறும் உண்டு. விமானத்தின் மேல் மட்டும் பழி போட்டுவிட்டால் மற்றவர்கள் சௌகரியமாகத் தப்பித்துக்கொள்வார்கள். யார் அந்த மற்றவர்கள் என்று சொல்கிறேன்.

மிக்-21-ன் இறக்கை நுனிக்கு நுனி 7 மீட்டர் சொச்சம்தான். முக்கோண வடிவம், மெல்லியது. ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போவதற்காகச் செய்தது. அந்த இறக்கை மெதுவாகப் போகும்போது சரியாகத் தூக்காது. அதனால் இறங்கும்போதும் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வைத்துக்கொண்டே வர வேண்டும். மூக்கைத் தூக்கிக்கொண்டு வருவதால் எதிரே பார்வையும் அவ்வளவு வாகாக இருக்காது. தொட்டதும் நிறுத்துவதற்குப் பின்னால் ஒரு பாராசூட் விரிய வேண்டும். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுப் பையன் அதற்கு முன் ஓட்டிப் பழகியது என்ன? நம் ஹெச்.ஏ.எல். செய்த 'கிரண்'. சாதுவான விமானம். ஒலி வேகத்துக்குப் பக்கத்திலேயே போகாது. ஒரு நாள் கிரண், அடுத்த கட்டம் மிக்-21. லூனா மொபெட்டில் கற்றவனை நேரே எக்ஸ்பிரஸ் ரயில் எஞ்சினில் ஏற்றிவிட்ட மாதிரி.

நடுவில் ஒரு பயிற்சி விமானம் வேண்டும், மேம்பட்ட ஜெட் பயிற்சி விமானம் வாங்குங்கள் என்று லா ஃபோன்டேன் கமிட்டி அறிக்கை கொடுத்தது. எந்த வருஷம்? 1982. ஒப்பந்தம் கையெழுத்தானது 2004 மார்ச்சில். 'ஹாக்' விமானங்கள் பீதரில் முறைப்படி படையில் சேர்ந்தது 2008 பிப்ரவரியில். இருபத்தாறு வருஷம். 1982-ல் பிறந்த குழந்தை வளர்ந்து, படித்து, விமானியாகி, மிக்-21 ஓட்டவும் ஆரம்பித்திருக்கும். அதற்கான பயிற்சி விமானம் வந்து சேரவில்லை.

அந்த இருபத்தாறு வருஷத்தில் என்ன நடந்திருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அமைச்சகத்தில் நான் வேலை பார்க்கவில்லை. ஆனால் எல்லா ஃபைலும் ஒரே ஜாதி. யாரும் 'வேண்டாம்' என்று எழுதியிருக்க மாட்டார்கள். 'வேண்டாம்' என்றால் பொறுப்பு வருமே! "விலை ஒப்பீடு இணைக்கவும்" என்று ஒருவர். இணைத்து வந்ததும், "ஒப்பீடு பழையதாகிவிட்டது, புதுப்பிக்கவும்" என்று இன்னொருவர். "பேசுக" என்று ஒரு குறிப்பு. பேச வருவதற்குள் மாற்றல். ஒவ்வொரு குறிப்பும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. நானே எழுதியிருப்பேன், எழுதியும் இருக்கிறேன். என்னுடைய ஃபைல்களில் யாரும் விமானத்திலிருந்து விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். நம் தேஜஸ் விமானத் திட்டத்துக்கு அனுமதி 1983-ல். முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. படையில் ஸ்குவாட்ரனாக வந்தது 2016-ல். அந்த ஸ்குவாட்ரன் பிறகு கோவை பக்கத்துச் சூலூருக்குப் போனது. அடுத்த ரகமான மார்க்-1ஏ விமானங்கள் 83-க்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம்; மிக்-21 விடைபெற்ற தினம் வரை அவற்றில் ஒன்றுகூடப் படைக்கு வந்து சேரவில்லை. எஞ்சின் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், அது தாமதம். இருக்க வேண்டியது 42 ஸ்குவாட்ரன். மிக்-21 போனபின் மிஞ்சியது 29. விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங்கே 2025 மே மாதம் டில்லியில் தொழிலதிபர்கள் கூட்டத்தில், தன் நினைவுக்கு எட்டியவரை ஒரு திட்டமும் குறித்த காலத்தில் முடிந்ததில்லை என்று போட்டு உடைத்தார். பதவியில் இருக்கும்போதே இப்படிப் பேசியவருக்கு இங்கிருந்தே ஒரு நமஸ்காரம்.

போன மாதம் 21-ஆம் தேதி துபாய் வான் கண்காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்து, அதை ஓட்டிய விங் கமாண்டர் மாண்டதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். இமாசலத்துப் பிள்ளை. காரணம் என்ன என்பது விசாரணையில் வரட்டும். வாட்ஸ்அப்பில் அன்று மாலைக்குள் நாலு காரணம் வந்துவிட்டது. அவற்றை மேலே அனுப்பாதீர்கள் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

இப்போது சொல்லப்போவதை நான் இதுவரை எந்த சபையிலும் சொன்னதில்லை. என் மனைவிக்குத் தெரியும்.

1995. என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. சண்டிகரில் வளர்ந்த பையன், விமானத்தைப் பார்க்காமலேயே சத்தத்தை வைத்து அது என்ன விமானம் என்று சொல்வான். என்.டி.ஏ. பரீட்சைக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி, அழகாகப் பூர்த்தி செய்து, தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு என் மேஜைமேல் வைத்தான். அந்த மாதம்தான் பேப்பரில் ஒரு மிக்-21 விபத்து வந்திருந்தது. இறந்த பையன் போட்டோவில் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நான் முடியாது என்று சொல்லவில்லை. "பாக்கலாம்டா" என்றேன். படிவத்தை மேஜை டிராயரில் வைத்தேன். இரண்டு தரம் கேட்டான். "தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றேன். கடைசித் தேதி போயிற்று.

இருபத்தாறு வருஷம் ஹாக் ஃபைலை வைத்திருந்தவர்களைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்யதை என்று நீங்கள் கேட்கலாம். அதே முறையைத்தான் நானும் என் வீட்டில் கையாண்டேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. இஞ்சினீயரிங் படித்தான், அமெரிக்கா போனான், நன்றாக இருக்கிறான். 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி, அவனுக்கு அங்கே நடு ராத்திரி, போன் செய்தான். "அப்பா, பாத்தேளா? ஆறு மிக் வந்தது. தண்ணி பீச்சி வரவேத்தா. ஏர் சீஃபே ஒண்ணை ஓட்டிண்டு வந்தார். ஃபார்ம் 700-ஐ மந்திரிகிட்டே ஒப்படைச்சா" என்று மூச்சு விடாமல் சொன்னான். ஃபார்ம் 700 என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அவன்தான் விளக்கினான்.

ஒவ்வொரு விமானத்துக்கும் அப்படி ஒரு பதிவேடு உண்டாம். பறப்பதற்கு முன்னால் எஞ்சின் பார்த்தவர், மின்சாரம் பார்த்தவர், ஆயுதம் பார்த்தவர் என்று தரையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தன் பகுதியைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். கடைசியில் விமானி அதைப் பார்த்துத் தானும் கையெழுத்திட்டுவிட்டு ஏறுவார். அந்த எஞ்சினை அவர் திறந்து பார்க்கப்போவதில்லை. கையெழுத்தை நம்பித்தான் உட்காருகிறார். கையெழுத்திட்டவர் பெயர் தெரியாத ஒரு கார்ப்போரல். தாம்பரத்தில் மெக்கானிக் பயிற்சி பெற்றவராக இருக்கலாம். அதே தாம்பரத்தில்தான் விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கான பள்ளியும் இருக்கிறது. மின்சார ரயிலில் போகும்போது நாம் அதைத் தாண்டித்தான் போகிறோம்.

முப்பது வருஷமாக இந்த விவரமெல்லாம் அவன் தெரிந்துவைத்திருக்கிறான் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. "அந்த ஃபாரம் டிராயர்லயே இருக்குடா" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இருக்கிறது, உண்மையாகவே. பென்சில் குறி மங்கிவிட்டது.

நம்மவர்கள் விமானப்படைக்கு யாரையும் அனுப்பவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அனுப்பியிருக்கிறார்கள், பெரிய பதவி வரை உயர்ந்திருக்கிறார்கள். இந்த அறையிலேயே நாற்பது வருஷம் ரேடார் பார்த்த மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நான் பேசுவதில் தப்பு இருந்தால் திருத்தவேண்டியவர் அவர்தான். ஆனால் அக்டோபர் 8 வந்தால் ஏரிக்கரையில் பாய் விரித்து, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்க் கை தட்டுகிற நாம், வீட்டில் ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் எத்தனை விதமாக "பாக்கலாம்" சொல்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது பெண்களும் ஆசைப்படுகிறார்கள். 2016 ஜூனில் முதல் மூன்று பெண்கள் சண்டை விமானிகளானார்கள். 2021-ல் சுப்ரீம் கோர்ட் தலையிட்டதால் என்.டி.ஏ.வின் கதவும் திறந்தது. 2025 மே 30-ஆம் தேதி பதினேழு பெண்கள் அங்கிருந்து முதல் அணியாகத் தேறி வெளிவந்தார்கள். மிக்-21 விடைபெற்ற அன்று பறந்தவர்களிலும் ஒரு பெண் ஸ்குவாட்ரன் லீடர் இருந்தார்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் உறுப்பினர் ஒருவர், என் நாற்பது வருஷ சினேகிதர், இரண்டு மாதம் முன்பு வீட்டுக்கு வந்தார். பேத்தி என்.டி.ஏ. எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள், அடுத்து நேர்முகத் தேர்வு. "நீர் சொன்னா கேப்பள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கறதுன்னு எடுத்துச் சொல்லும்" என்றார். டிகாக்‌ஷன் இறங்கும் வரை நான் பேசவில்லை. பிறகு என் டிராயரைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். காப்பியைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஒரு வாரம் போன் கூட இல்லை, கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். "தாத்தா அனுப்பினார். பௌதிகத்தில சந்தேகம் இருந்தா உங்ககிட்ட கேக்கச் சொன்னார்" என்றாள். அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருகிறாள். இறக்கை எப்படித் தூக்குகிறது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் பெர்னூலியை மட்டும் போட்டு அரைகுறையாக எழுதியிருக்கிறார்கள். நியூட்டனையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் லே கணக்கைக் கொடுத்தேன். நான் சொன்ன அந்த 18 சதவிகிதம் அவள் போட்ட விடை. நான் 17 என்று போட்டிருந்தேன், தப்பு என்னுடையது.

செக்டர் 18-ல் பழைய அரசு அச்சகக் கட்டடத்தில் விமானப்படையின் பாரம்பரிய மையம் 2023 மே மாதம் திறந்தார்கள். போகாதவர்கள் பேரன் பேத்திகளோடு போய் வாருங்கள். வெளியூர் உறுப்பினர்கள் சண்டிகர் வந்தால் என்னிடம் சொல்லுங்கள், நானே அழைத்துப் போகிறேன். சிறுவர்கள் பார்க்கும் வேகத்துக்கு நடக்க முடியாது, அங்கங்கே உட்காருவேன்.

பின்னாலிருந்து செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். பஜ்ஜியும் காப்பியும் தயார் என்று அர்த்தம்.